காற்றுப் பையில் ஒரு கரண்டித் தண்ணீர்

நான் ஒர்க்‌ஷாப்பை விட்டு ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடித்தபின் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "சார், உங்க சர்வீஸ்ல நீங்க பண்ணுன பெரிய தப்பு எது?" நான், "உங்களுக்கெல்லாம் வேலை கத்துக்குடுத்ததுதான்" என்று சொல்லி மழுப்பினேன். எல்லோரும் சிரித்தீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் எனக்கு நன்றாகவே தெரியும். சபையில் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது எழுதிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் நான் முப்பது வருடத்துக்கு மேல் கார் வேலை பார்த்தவன். எவ்வளவோ பாகங்களை உடைத்திருக்கிறேன், தப்பாக மாட்டியிருக்கிறேன். அதெல்லாம் கணக்கிலேயே வராது. நான் செய்த பெரிய தப்பு, பத்துப் பேர் நடுவில் "வண்டி தண்ணியில எறங்கியிருக்கு" என்று சொன்னது. அந்த ஒரு பேச்சில் ஒரு டிரைவருக்கு வேலை போனது, பேரும் போனது.

ஏர் சஸ்பென்ஷன் பற்றி நான் பாடம் நடத்தப் போவதில்லை. அதற்குத்தான் உங்களிடம் லேப்டாப் இருக்கிறதே. அடியோடு புதியவர்களுக்கு மட்டும் நாலு வரி சொல்கிறேன். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சக்கரத்துக்கும் நாலு ரப்பர் காற்றுப் பை. கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அந்தப் பைகளை நிரப்பும். வழியில் டிரையர் என்று ஒரு டப்பா. அதற்குள் ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள் இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி தாழும்போது பைக்காற்று அதே மணிகள் வழியாகத் திரும்பி வெளியே போகும், போகும்போது அந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். குடிப்பதும் கக்குவதுமாக அந்த மணிகளின் பிழைப்பு ஓடும். கக்க வழியில்லாமல் போனால்தான் வம்பு.

அது ஒரு கார்த்திகை மாதம். அடித்துப் பெய்த மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவரின் பெரிய வெளிநாட்டுக் கார் ரிக்கவரி லாரியில் ஏறி வந்தது. இடது பின்பக்கம் மட்டும் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் இன்னொரு காரில் பின்னாலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் முதலில் யார் சொல்கிறார்களோ அவர் சொல்வதுதான் அவருக்கு வேதம். அவருடைய டிரைவர் கலியபெருமாள் லாரிக்குள்ளேயே உட்கார்ந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். தன் தோள்துண்டாலேயே அந்தக் காரைத் துடைக்கிற ஆள். ரிக்கவரி லாரிக்காரர் ஒரு டீயை வாங்கிக்கொண்டு லாரியில் சாய்ந்து நின்றார். வாட்டர் சர்வீஸ் ஆட்கள், பெயின்டர், ஸ்டோர்ஸ் ஆள் என்று எங்கள் ஆட்களும் கூடிவிட்டார்கள். அப்படி ஒரு வண்டி எங்கள் ஷெட்டுக்கு வருவது அப்போது திருவிழா மாதிரி.

கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தலை கனக்கும். இல்லை என்று சொன்னால் அது பொய். காற்றுக் குழாயை மெல்லக் கழற்றினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே என் உள்ளங்கையில் ஒரு கரண்டித் தண்ணீர் விழுந்தது. தெளிவான தண்ணீர், அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்து அனுப்புகிற வால்வு பிளாக்கைத் திறந்தேன், உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தது. கையை எல்லோருக்கும் நீட்டிக் காட்டிச் சொன்னேன்.

"வண்டி தண்ணியில எறங்கியிருக்குங்க."

ஆலைக்காரர் கலியபெருமாளைத் திரும்பிப் பார்த்தார். "போன வாரம் உங்க ஊர்ல வாய்க்கா ஒடஞ்சி ரோட்டு மேல தண்ணி போச்சே. அன்னைக்கி வண்டிய எடுத்துட்டுப் போனியா இல்லியா?"

"போனேங்க. நீங்கதான எடுத்துட்டுப் போவச் சொன்னீங்க. ஆனா தண்ணியில விடலிங்க. மேட்டுலயே நிறுத்திட்டு நடந்துதான் ஊருக்குள்ள போனேன்."

"அப்ப இவரு கையில இருக்கறது என்ன, எளநியா?"

யாரோ சிரித்தார்கள். லாரிக்காரர் 'ச்சொச்சோ' என்று உச்சுக்கொட்டினார். கலியபெருமாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நல்லா பாத்துச் சொல்லுங்கண்ணே. பதினோரு வருசம்ணே."

நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கை கூசுகிறது. "தண்ணி பொய் சொல்லாது தம்பி" என்றேன். ஏதோ தீர்ப்பு எழுதுகிற நீதிபதி என்று நினைப்பு!

ஆலைக்காரர் அங்கேயே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கலியபெருமாள் காரின் பின்கதவைத் திறந்து தன் சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

சரி, வேலைக்கு வருவோம். புது வால்வு பிளாக் கிடைத்துவிட்டது, டிரையர் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஆலைக்காரருக்கோ பொங்கலுக்குள் வண்டி வேண்டும். நான் யோசித்தேன். மணிகள் நனைந்துவிட்டன, அவ்வளவுதானே? நனைந்ததைக் காய வைக்கத் தெரியாதவனா நான்? டெல்டாவில் பிறந்துவிட்டு இதற்குப் பயப்படலாமா? டப்பாவைப் பிரித்து மணிகளைக் கொட்டி, மொட்டை மாடியில் வேட்டியை விரித்துப் பரப்பினேன். மூன்று நாள் வெயில். நடுநடுவே போய்க் காலால் கிளறிவிட்டேன். கடைசியில் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தும் பார்த்தேன். 'கடுக்'கென்று உடைந்தது. ஆகா, பதம் என்று அள்ளி டப்பாவில் போட்டு மூடினேன். சிரிக்காதீர்கள். நெல் வாங்கப் போகிற எவனும் இங்கே அப்படித்தான் கடித்துப் பார்ப்பான். எனக்கு அது கைவந்த வித்தையாகவே பட்டது.

வண்டி பொங்கலுக்கு ஜம்மென்று நிமிர்ந்து போனது. மாசி பிறப்பதற்குள் அதே இடது பின்பக்கம் குந்திக்கொண்டு திரும்பி வந்தது.

குழாயைக் கழற்றினேன். மறுபடியும் தண்ணீர், அதே ஒரு கரண்டி.

இந்த முறை எனக்குத் தலை கனக்கவில்லை, வாய் பிளந்து நின்றேன். மழை இல்லை. மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள், வாய்க்கால்களில் தவளைகூட நீந்த முடியாத நேரம். ஓட்டியதும் வேறு டிரைவர். அப்படியானால் இந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது? அடுத்த நிமிடமே கலியபெருமாள் தூக்கோடு நடந்து போன முதுகு ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பயத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. எப்படி? எங்கேயிருந்து? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். இடது பின் பையின் மடிப்புக்குள் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, அதில் சன்னமாக நுரை. முதல் தடவையே இதைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரைக் கண்டவுடன் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். காற்று இந்த வெடிப்பு வழியாகவே கசிந்து போனால் மணிகள் வழியாகத் திரும்பாது, மணிகளும் ஈரத்தைக் கக்காது. அது புரிந்தது. ஆனால் சும்மா காற்றில் இவ்வளவு ஈரம் ஏது? மூன்றே வாரத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் என்றால் இந்த வண்டி எந்தக் காற்றைக் குடிக்கிறது?

இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கட்டும் என்று பையை ஒப்புக்கு ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை பஸ் ஏறி ஆலைக்கே போய்விட்டேன். என் சட்டைப்பையில், மாடியில் காய வைத்து டப்பாவில் அடைத்தது போக மிஞ்சி மூடி வைத்திருந்த ஒரு கைப்பிடி மணிகள்.

அறுவடைக் காலம், களம் முழுக்க அவித்த நெல் பரப்பியிருந்தார்கள். களத்து வேலையைக் கவனிக்கிற ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டே வந்தார். "யாரு சார் நீங்க, நெல்லு பாக்க வந்தீங்களா?" என்றார். நான் மெக்கானிக் என்று சொல்லி, மணிகளைக் காட்டி, காய வைத்த கதையையும் சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்த பெண்களும் வந்துவிட்டார்கள்.

"மேல காஞ்சா கடிக்கறப்ப ஒடையத்தான் செய்யும். உள்ளார ஈரம் நிக்குமே, அதுக்கு என்ன பண்ணுனீங்க? ராத்திரி மூடி வச்சீங்களா?"

"இல்லை."

"பனி குடிச்சிருக்கும். போங்க சார், இத்தனை படிச்சிட்டு! ஒரு பாலித்தீன் கவர்ல போட்டுக் கட்டி இந்த வெயில்ல வைங்க. வேர்க்குதா இல்லியான்னு அதுவே சொல்லும்."

கட்டி வைத்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கவரின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. நான் மாடியில் காய வைத்து, பல்லால் சோதித்து, பெருமையோடு அடைத்த மணிகள்! அடுப்பு வைத்து வறுக்கிற சூடு வேண்டும் அதற்கு, வெயிலுக்கெல்லாம் மசியாது. இதை அன்றைக்குத்தான் கற்றேன்.

அந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்டார். "அன்னைக்கி ஒங்க கையில விழுந்த தண்ணி என்ன நெறத்துல இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு."

"வாய்க்கா ஒடஞ்ச தண்ணியா தெளிவா இருக்கும்? செவசெவன்னு சேறாட்டம்ல இருக்கும்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து காவிரித் தண்ணீரைப் பார்க்கிறேன். மழைக்கால வாய்க்கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் கையை நீட்டியவன் தன் கையைப் பார்க்கவில்லை.

"கலியபெருமாளு எங்க ஊருதான்" என்றார் அவர். "அன்னைக்கி மாரியம்மன் கோயில் மேட்டுல காரை நிறுத்திட்டு, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு முட்டிக்கால் தண்ணியில நடந்து வந்துச்சு. நான் பாத்தேனே."

"ஏங்க, இத நீங்க உங்க முதலாளிகிட்ட சொல்லலியா?"

"என்னைய யாரு கேட்டா? பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்னு ஆயிப்போச்சு. தஞ்சாவூர்ல ரெண்டு டிராவல்ஸ்ல போய் வேலை கேட்டுருக்கு. தண்ணியில வண்டிய விட்ட ஆளுதானன்னு அனுப்பிட்டாங்களாம். இப்ப கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குது."

அந்த நேரத்தில்தான் கார் உள்ளே வந்தது. ஆலைக்காரருக்குக் கார் மேல் அவ்வளவு ஆசை, வெயில் படக்கூடாது. கூரை உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், நெல் அவிக்கிற தொட்டிகளுக்குப் பக்கவாட்டில். பின்பக்கத்தைத் தொட்டிகளைப் பார்க்க வைத்து நிறுத்தினார்கள். அவர் இறங்கவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து போன் பேச ஆரம்பித்தார். தினமும் அப்படித்தானாம், அரைமணி, முக்கால் மணி. அங்கே தொட்டியைத் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று ஆவி எழுந்து காரின் வாலை மூடியது. அதற்குள்ளிருந்து, என் காதுக்கு மட்டும் தெரிகிற சத்தம், கம்ப்ரஸர் 'ர்ர்ர்' என்று ஓட ஆரம்பித்தது. பை கசிகிறது, வண்டி தாழ்கிறது, கம்ப்ரஸர் தூக்குகிறது. தூக்குவதற்குக் காற்றை இழுக்கிற வாய் பின்சக்கர வளைவுக்குள். அங்கே காற்று எங்கே இருக்கிறது? முழுக்க நெல் அவித்த ஆவி!

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. இரண்டு நிமிடம் அந்தச் சந்தோஷத்தில் திளைத்தேன், ஒளிக்கவில்லை. பிறகுதான் மூட்டை தூக்குகிற ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

ஷெட்டுக்குப் போன் போட்டு எங்கள் ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. இருந்தாலும் சொன்னார். "புது டிரையர் நாளைக்கி வந்துடும். பையையும் மாத்திக் குடுத்துட்டு, வண்டிய எடம் மாத்தி நிறுத்தச் சொல்லிட்டு வாய்யா. பழச எதுக்குக் கிண்டற? நாம தப்பா சொன்னோம்னு தெரிஞ்சா நாளைக்கி எவன் நம்மகிட்ட வண்டி விடுவான்?"

நியாயமாகத்தான் பட்டது. பத்து நிமிடம் அந்தக் களத்து ஓரத்தில் நின்று யோசித்தேன். வண்டியைச் சரி பண்ணிவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. களத்து அம்மாவை யாரும் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால் அந்த ஆள் சாகிற வரைக்கும் தண்ணீரில் வண்டியை விட்டவன்தான். பயமாக இருந்தது. போனேன்.

டீக்கடையில் ஒரு சில்வர் டம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர் வாங்கி, ஆலைக்காரரை இறங்கச் சொல்லி, டம்ளரை அந்த ஆவிக்குள் பின்சக்கரத்துக்கு மேலே பிடித்தேன். மூச்சு விடுகிற நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்துச் சொட்டியது.

"இதாங்க ஒங்க காருக்குள்ள போற தண்ணி. வண்டி வாய்க்கால்ல எறங்கவே இல்ல. அன்னைக்கி நான் சொன்னது தப்புங்க. கலியபெருமாள் சொன்னதுதான் நெசம்."

அவர் டம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருசம் என்கூட இருந்தவன் சொன்னான். நான் ஒங்க கையத்தான பாத்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு பேருமாகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். கலியபெருமாள் தலையில் சாக்கைக் கூம்பாக மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார். ஆலைக்காரர் வேலைக்கு வரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். கலியபெருமாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"அன்னைக்கி எத்தினி பேரு முன்னாடி சொன்னீங்கண்ணே?"

"பத்துப் பேர் இருக்கும்."

"அந்தப் பத்துப் பேருகிட்டயும் சொல்லிடுங்க. பெறவு வேலைக்கி வர்றேன்."

வண்டிக்குப் புது டிரையரும் பையும் மாட்டிய அன்று எங்கள் ஷெட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். பெயின்டர், வாட்டர் சர்வீஸ் ஆட்கள், ஸ்டோர்ஸ் ஆள், ஃபோர்மேன். அதே இடத்தில் நின்று சொன்னேன். ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். கலியபெருமாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். நான் முடித்ததும், "ஒருத்தரு கொறையிறாருண்ணே" என்றார்.

ரிக்கவரி லாரிக்காரர். அவர் ஊர் அதிராம்பட்டினம்.

"அவருதாண்ணே முக்கியம். அவரு நாலு ஊரு ஒர்க்‌ஷாப்புக்கும் போறவரு. டிராவல்ஸ்காரங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும்."

வண்டியை எடுக்க வந்திருந்த ஆலைக்காரர் சாவியைக் கலியபெருமாள் கையில் கொடுத்தார். "அதே வண்டியில போயிட்டு வாங்க" என்றார். அதுவே டெஸ்ட் டிரைவாகவும் ஆயிற்று. கலியபெருமாள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டுக்கோட்டை வழியாகப் போனோம். வண்டி தொட்டில் மாதிரிப் போனது.

லாரிக்காரரின் குடும்பம் கடல் தொழில் பண்ணுகிற குடும்பம். மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், பழுதான ஐஸ் வண்டி ஒன்றைக் கட்டித் தூக்க நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அடடே, வாங்க வாங்க, ஏது இவ்ளோ தூரம்!" என்று வாயெல்லாம் பல்லாக வந்தார். டீ சொன்னார். காரைச் சுற்றி வந்து பார்த்தார். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிய கலியபெருமாளிடம் போய்த் தோளில் தட்டினார்.

"புதுசா சேந்துருக்கியா தம்பி? பாத்து ஓட்டு. இதே மாதிரி வண்டி ஒண்ண மன்னார்குடிப் பக்கம் ஒரு டிரைவரு, கிறுக்குப் பய, வாய்க்கால் தண்ணியில விட்டு நாசம் பண்ணிட்டான். நான்தான் ஏத்திட்டு வந்தேன். போற எடமெல்லாம் டிரைவருங்களுக்கு அதத்தான் சொல்லி வைக்கறது."

அன்று முழு வழியும் அவருடைய லாரியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரின் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். கலியபெருமாள் அவர் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்தார்.

"அந்த டிரைவர் நான்தாங்க" என்றார். என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கண்ணே."

வாங்கிய டீ ஆறிப் போகும் வரை சொன்னேன். வெடிப்பு, ஆவி, மணிகள், தெளிந்த தண்ணீர், நான் கையை நீட்டிய விதம், ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் லாரிக்காரர் கலியபெருமாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"நான் இதை எந்தெந்த ஊர்ல, யார் யாருகிட்ட சொன்னேன்னு எனக்கே தெரியாதேண்ணே. அவங்ககிட்ட எல்லாம் இப்ப யாரு போய்ச் சொல்றது?"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் போகிற ஷெட்டில் யாராவது அந்தக் கதையைச் சொன்னால், அந்த வண்டி தண்ணீரில் இறங்கவே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.